ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனியின் வரலாறும் பாட்டிலின் அடியில் இருக்கும் குறியும்

கேள்வி இரண்டு பாகமாக வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனி கண்ணாடி பாட்டில் தொழிலில் இவ்வளவு பெரிய இடத்தை எப்படிப் பிடித்தது என்பது ஒன்று. பழைய பாட்டிலின் அடியில் சாய்சதுரமும் வட்டமும் பின்னிய ஒரு குறி, அதைச் சுற்றிச் சில எண்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து வருஷம் சொல்ல முடியுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இயந்திரத்தில் தொடங்குகிறது. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

1900 வாக்கில் அமெரிக்காவில் பாட்டில் என்றால் பெரும்பாலும் மனிதன் வாயால் ஊதிச் செய்ததுதான். ஒரு குழுவில் ஆறேழு பேர். ஊதுகுழலின் நுனியில் உலையிலிருந்து கண்ணாடியைத் திரட்டி எடுக்க ஒருவர், ஊத ஓரிருவர், பாட்டிலின் வாயை மறுபடி சூடாக்கி வடிவம் கொடுக்க ஒருவர். இவர்களுக்கு எடுபிடியாக மூன்று நான்கு பையன்கள். ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அச்சைத் திறந்து மூடுவான். ஒருவன் குழலில் ஒட்டிய மிச்சக் கண்ணாடியைத் தட்டிவிடுவான். இன்னொருவன் சூடான பாட்டிலை ஆற்றும் உலைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவான். இரவு ஷிப்டும் உண்டு. கோடையில் உலைக்கு முன்னால் நிற்க முடியாது என்பதால் ஜூலை, ஆகஸ்டில் பல ஆலைகளை மூடிவிடுவார்கள்.

இயந்திரம் செய்யும் முயற்சி ஓவன்ஸுக்கு முன்பே நடந்தது. 1882-இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பிலிப் ஆர்போகாஸ்ட், முதலில் அழுத்தி வாயைச் செய்து பிறகு ஊதி உடலைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் ஆஷ்லி என்பவரும் அதே காலத்தில் ஓர் அரை-தானியங்கி இயந்திரம் செய்தார். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு வேலை மனிதன் கையிலேயே நின்றது. உலையிலிருந்து கண்ணாடியைத் திரட்டி, சரியான அளவில் அச்சுக்குள் விடுவதுதான் அது. கண்ணாடி தேன்பாகு மாதிரி இழுபடும், நொடிக்கு நொடி இறுகும், அளவு கூடினாலும் குறைந்தாலும் பாட்டில் கெடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர்தான் மைக்கேல் ஓவன்ஸ்.

1859-இல் இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் வீலிங் நகரத்துக் கண்ணாடி ஆலையில் நிலக்கரி தள்ளும் வேலைக்குப் போனார். பதினைந்து வயதில் ஊதுபவராகிவிட்டார். 1888-இல் எட்வர்ட் டிரம்மண்ட் லிபி தன் கண்ணாடி ஆலையை மாசசூசெட்ஸிலிருந்து ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோவுக்கு மாற்றியபோது ஓவன்ஸ் அங்கே வந்து சேர்ந்து, சீக்கிரமே ஆலை மேற்பார்வையாளர் ஆனார். ஓவன்ஸ் பொறியியல் படித்தவர் அல்ல; வரைபடம் போடத் தெரியாது. எமில் பாக் போன்ற பொறியாளர்கள் அவர் சொன்னதை இரும்பில் செய்தார்கள். லிபி பணம் போட்டார், அதைவிட முக்கியமாகப் பொறுமையாக இருந்தார். இந்த மூவகை ஆட்களில் ஒரு வகை இல்லாவிட்டாலும் இயந்திரம் வந்திருக்காது என்பது என் கருத்து. ஓவன்ஸை மட்டும் தனி மேதையாகக் காட்டும் கதைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் சோதனை 1890-களின் கடைசியில் நடந்தது. சைக்கிள் பம்பு போன்ற ஒரு கைப்பம்பின் நுனியில் அச்சை மாட்டி, உருகிய கண்ணாடியின் மேல் வைத்து, தண்டை இழுத்தார்கள். வெற்றிடம் கண்ணாடியை அச்சுக்குள் உறிஞ்சியது. பிறகு அதை இன்னொரு அச்சுக்கு மேல் பிடித்து, அதே தண்டைத் தள்ளிக் காற்றடித்து ஊதினார்கள். பின்னால் வந்த அத்தனை பெரிய இயந்திரமும் இந்த இழுப்பு, தள்ளலின் விரிவுதான். 1903-இல் விற்பனைக்குத் தகுந்த பாட்டில் விழத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓவன்ஸ் பாட்டில் மெஷின் கம்பெனி பதிவாயிற்று. 1904 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். நடுத்தூணைச் சுற்றி ஆறு கைகள் சுழலும் (பின்னால் வந்தவற்றில் பத்து, பதினைந்து). பக்கத்தில் உலையிலிருந்து கண்ணாடி வழிந்து நிறையும் ஒரு வட்டத் தொட்டி. ஒவ்வொரு கையும் தொட்டிக்கு மேல் வரும்போது அதன் முதல் அச்சு கீழே இறங்கி கண்ணாடியின் மேற்பரப்பைத் தொடும். வெற்றிடம் திறக்கும், கண்ணாடி மேலே ஏறி முதலில் கழுத்து வளையத்தை நிரப்பும், பிறகு அச்சை நிரப்பும். அச்சு மேலே எழும். ஒரு கத்தி அதன் அடியை உரசிக்கொண்டு போய்த் தொங்கும் வாலை அறுக்கும். முதல் அச்சு இரண்டாகப் பிரியும். இப்போது வாய் முழுதாக உருவான, உடல் மட்டும் தடித்த ஒரு கண்ணாடிக் கட்டி கழுத்து வளையத்தில் தொங்கும். இறுதி அச்சு அதைச் சுற்றி மூடும். மேலிருந்து அழுத்தக் காற்று. பாட்டில் முடிந்தது. அச்சு திறந்து அது கீழே விழ, ஆற்றும் உலைக்குப் போகும். கையால் ஊதும்போது வாய்தான் கடைசி வேலை. இங்கே வாய்தான் முதல் வேலை. 1912-இல் வந்த பத்துக் கை இயந்திரம் நிமிஷத்துக்கு ஐம்பது பாட்டில் வரை கொடுத்தது.

என்னவெல்லாம் கெட்டுப்போகும்? முதல் தொல்லை தொட்டியில். அச்சு தொட்டுவிட்டுப் போன இடம் குளிர்ந்துவிடும். கத்தி அறுத்த வாலும் அங்கேயே விழும். அடுத்த கை அதே இடத்தில் உறிஞ்சினால் குளிர்ந்த கண்ணாடியும் சூடான கண்ணாடியும் கலந்து ஏறி, பாட்டிலில் கோடு கோடாகத் தெரியும். அதற்காகத்தான் தொட்டியையே மெதுவாகச் சுழல விட்டார்கள். குளிர்ந்த பகுதி உலைப் பக்கம் போய்ச் சூடேறி வரும். இரண்டாவது, கண்ணாடியின் மட்டம். கொஞ்சம் இறங்கினாலும் அச்சின் வாய் சரியாக மூழ்காது. வெற்றிடம் காற்றை இழுக்கும், குமிழியும் அரைகுறைக் கழுத்தும் வரும். மூன்றாவது, கத்தி. மழுங்கினால் வால் சரியாக அறாமல் மடிந்து அடியில் சுருக்கமாக ஒட்டும். நான்காவது, கட்டியின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாக இருந்தால் ஊதும்போது அந்தப் பக்கமே அதிகமாக இழுபட்டு மெலியும். வெளியே பார்க்க ஒழுங்காக இருக்கும் பாட்டில் நிரப்பும் இடத்தில் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆற்றும் உலையில் அவசரப்பட்டாலும் அதே கதி: வெளிப்புறம் முன்னால் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும்.

கூலிச் செலவு குறைந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு நிகரான மாற்றம் ஒரே அளவில் வாய் கிடைத்தது. 1892-இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற கிரவுன் மூடி (சோடா பாட்டிலின் நெளி விளிம்புத் தகர மூடி), விளிம்பு துல்லியமாக இருந்தால்தான் இறுகப் பிடிக்கும். கையால் முடித்த வாய்கள் ஒன்றுக்கொன்று மாறின. இயந்திர வாய் மாறாது. கொள்ளளவும் அப்படித்தான். 1913-இல் வந்த கூல்ட் திருத்தச் சட்டம், உணவுப் பொதியின் மேல் உள்ளே இருக்கும் அளவை எழுதச் சொன்னது. கையால் ஊதிய பாட்டில்களை நம்பி அச்சடித்த லேபிள் ஒட்டுவது சிரமம். நிரப்பும் இயந்திரம், மூடி போடும் இயந்திரம், லேபிள் ஒட்டும் இயந்திரம் எல்லாமே ஒரே மாதிரி பாட்டிலைக் கேட்டன.

இனி கம்பெனிக்கு வருவோம். ஓவன்ஸ் பாட்டில் மெஷின் கம்பெனியின் முதல் எண்ணம் பாட்டில் விற்பது அல்ல. இயந்திரத்தையும் அதைப் பயன்படுத்தும் உரிமத்தையும் தருவது, அதுவும் பாட்டில் வகையை வைத்துப் பிரித்துத் தருவது. பால் பாட்டில் தாட்சர் கம்பெனிக்கு. கெட்சப் பாட்டில் ஹெய்ன்ஸுக்கு. பழம் பதனப்படுத்தும் ஜாடி கிரீன்ஃபீல்ட் என்ற சின்னக் கம்பெனிக்கு. அந்த உரிமத்துக்காகவே 1909-இல் இந்தியானாவின் மன்சி நகரத்துப் பால் (Ball) சகோதரர்கள் கிரீன்ஃபீல்டையே வாங்கினார்கள். உரிமம் பெற்றவனுக்கு அந்த வகையில் போட்டியே இல்லை. உரிமம் இல்லாதவன் பழைய முறையில் கஷ்டப்பட வேண்டியதுதான். ஐரோப்பாவில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே ஒரு மாதிரி ஆலை வைத்துக் காட்டினார்கள். அங்கத்திய பாட்டில் முதலாளிகள் மிரண்டுபோய், 1907-இல் சங்கமாகக் கூடி 1.2 கோடி மார்க்குக்கு ஐரோப்பிய உரிமையை வாங்கினார்கள். இயந்திரத்தை வேகமாகப் பரப்புவதைவிட, அது தங்கள் சந்தையை எந்த வேகத்தில் கலைக்கும் என்பதைத் தங்கள் கையில் வைத்துக்கொள்வதே அவர்கள் நோக்கம்.

ஊதும் தொழிலாளர் சங்கம் அமெரிக்காவில் வலுவானது. கைவினைஞர்களில் அதிகக் கூலி வாங்கியவர்களில் இவர்களும் உண்டு. இயந்திரத்துக்கு ஈடு கொடுக்கக் கூலிக் குறைப்புக்குக்கூட ஒத்துக்கொண்டார்கள். பலன் இல்லை. பையன்கள் விஷயத்தில், 1913-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு, சட்டங்களால் தங்களால் சாதிக்க முடிந்ததைவிட இந்த இயந்திரம் அதிகம் சாதித்தது என்று பாராட்டியதாகச் சொல்வார்கள். இயந்திரத்துக்கு அச்சு மூடும் பையன் தேவையில்லை என்பது நிஜம். ஆனால் அரை-தானியங்கி ஆலைகளில் பையன்கள் பல வருஷம் இருந்தார்கள். லூயிஸ் ஹைன் 1908 முதல் எடுத்த ஆலைச் சிறுவர்களின் படங்கள் மாநிலச் சட்டங்களுக்குக் கொடுத்த அழுத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முழுப் பெருமையையும் இயந்திரத்துக்குக் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்காகப் போராடியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1910-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட்டில் ஆலை தொடங்கியதும் கம்பெனி தானே பாட்டில் செய்யும் பக்கம் திரும்பிவிட்டது. 1916-இல் இல்லினாயின் ஸ்ட்ரீட்டர், ஒஹாயோவின் நியூவார்க் ஆலைகளை வைத்திருந்த அமெரிக்கன் பாட்டில் கம்பெனியை வாங்கியது. 1919-இல் பெயரிலிருந்து 'மெஷின்' போய் ஓவன்ஸ் பாட்டில் கம்பெனி ஆயிற்று. 1920-இல் மதுவிலக்கு வந்து பீர் பாட்டில் வியாபாரம் விழுந்தபோதும் உணவு, மருந்து, சோடா பாட்டில்களால் தாங்கியது. 1923 டிசம்பரில் ஓவன்ஸ் இயக்குநர் கூட்டத்தின் நடுவிலேயே இறந்தார். 1929-இல், 1873 முதல் மிசிசிப்பி கரையில் ஆல்ட்டனில் நடந்துவந்த இல்லினாய் கிளாஸ் கம்பெனியோடு இணைந்தது. ஓவன்ஸ்-இல்லினாய் என்ற பெயர் அப்போதிலிருந்துதான். அதற்கு முந்திய பாட்டிலை அந்தப் பெயரில் விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இதற்குள் ஓவன்ஸ் இயந்திரத்துக்கே போட்டி வந்துவிட்டது. கனெக்டிகட்டில் ஹார்ட்ஃபர்ட் கம்பெனியின் கார்ல் பைலர், கண்ணாடியை உறிஞ்சாமல் கீழே சொட்ட விடும் ஊட்டியை உருவாக்கினார். உலையிலிருந்து நீளும் ஒரு வாய்க்காலின் முனையில் துளை. மேலிருந்து ஒரு தண்டு தள்ள, கத்தரி வெட்ட, அளந்த எடையில் ஒரு கட்டி விழும். அதைச் சின்ன, மலிவான எந்த இயந்திரத்துக்கும் ஊட்டலாம். 1920-களின் நடுவில் ஹென்ரி இங்கிள் இதோடு சேர, பிரிவு பிரிவாக இயங்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ஓவன்ஸ் இயந்திரத்தில் ஒரு கையில் கோளாறு என்றாலும் மொத்தமும் நிற்க வேண்டும். இங்கே ஒரு பிரிவை மட்டும் நிறுத்தி அச்சு மாற்றலாம், மற்றவை ஓடும். ஆகையால் சின்ன ஆர்டருக்கும் கட்டுப்படியாகும். சுழலும் தொட்டியைச் சூடாக வைத்திருக்க ஆகும் எரிபொருளும் மிச்சம். இன்று உலகம் முழுக்க ஓடுவது இதன் வாரிசுகள்தான். கடைசி ஓவன்ஸ் இயந்திரம் இந்தியானாவின் கேஸ் சிட்டி ஆலையில் 1982-இல் நின்றது.

போட்டியாளர்கள் சண்டை போடாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1924-இல் ஓவன்ஸும் ஹார்ட்ஃபர்டும் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தன. ஹார்ட்ஃபர்டின் வருமானத்தில் வருஷம் 6 லட்சம் டாலருக்கு மேல் பிரிப்பதற்கு நின்ற தொகையில் பாதி ஓவன்ஸுக்கு. ஹேசல்-அட்லஸ், தாட்சர், பால் சகோதரர்கள் என்று மற்றக் கண்ணாடிக் கம்பெனிகளும் வளையத்துக்குள் வந்தன. 1938-இல் ஹார்ட்ஃபர்டின் கையில் 600-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். ஊட்டி, வடிவ இயந்திரங்களில் செய்யப்பட்ட கண்ணாடிக் கலங்களில் 94 சதவீதம் இந்தக் கூட்டு உரிமத்தின் கீழ் வந்தவை. 1939-இல் அரசு டொலிடோவில் வழக்குப் போட்டது. 1945-இல் உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோத ஏகபோகம் என்று உறுதிசெய்தது. இலவசமாக உரிமம் தரச் சொன்ன கீழ்நீதிமன்ற உத்தரவை மட்டும் மாற்றி, கேட்பவர் எவருக்கும் ஒரே சீரான, நியாயமான கட்டணத்தில் தர வேண்டும் என்றது.

இந்தக் கூட்டு உருவான விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஊட்டி காப்புரிமை கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஹார்ட்ஃபர்டின் ஆட்களே ஒரு கட்டுரை எழுதி, அதைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பெயரில் 1926-இல் ஒரு தொழில் பத்திரிகையில் வரவைத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1932-இல் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டி ஹார்ட்ஃபர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஹேசல்-அட்லஸ் பணிந்து 10 லட்சம் டாலர் கொடுத்து வளையத்தில் சேர்ந்தது. உண்மை வெளியே வந்த பிறகு, 1944-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நீதிமன்றத்தையே ஏமாற்றிய வழக்கு என்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

கம்பெனியின் மற்றக் கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930-களின் தொடக்கத்தில் அதன் ஆய்வாளர்கள் கண்ணாடியை இழையாக்கும் வழியைக் கண்டார்கள். கார்னிங் என்ற இன்னொரு கண்ணாடிக் கம்பெனியோடு சேர்ந்து 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் பிறந்தது. 1935-இல் லிபி கிளாஸை வாங்கி, 1993-இல் பிரித்துவிட்டது. 1987-இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் கடன் வாங்கிக் கம்பெனியையே வாங்கியது. 1991-இல் பங்குச் சந்தைக்குத் திரும்பியது. இப்போது ஓ-ஐ கிளாஸ் என்ற பெயரில் டொலிடோவை ஒட்டிய பெரிஸ்பர்க்கில் தலைமையகம்.

சுருக்கமாகச் சொல்லக் கூடாத ஒன்று கேலோ. 1948 முதல் 1958 வரை கேலோ என்ற பெயரில், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த குழாய்க் காப்புறையை இந்தக் கம்பெனி விற்றது. அதன் தூசியைப் பற்றிக் கம்பெனியே சாரனாக் ஆய்வகத்தில் சோதனை செய்யவைத்திருந்தது. அது நுரையீரலுக்கு ஆபத்து என்ற முடிவும் 1948-லேயே கையில் கிடைத்தது. இருந்தும் விற்றார்கள். பத்தே வருஷ வியாபாரத்துக்காக பல பத்தாண்டுகள் நஷ்டஈடு வழக்குகள் தொடர்ந்தன. 2020-இல் அதற்கென்று பிரித்த துணைக் கம்பெனி திவால் மனு போட்டு, கடைசியில் 61 கோடி டாலர் அறக்கட்டளையில் கணக்கு முடிந்தது. கம்பெனியின் கண்ணாடிச் சாதனைகளைப் பேசுபவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

இனி பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் தேட வேண்டியது குறியை அல்ல, தழும்பை. உறிஞ்சும் இயந்திரத்தின் கத்தி அறுத்த இடம் அடியில் வட்டக் கோடாகத் தெரியும். பெரும்பாலும் நடுவை விட்டு விலகி இருக்கும். ஓரத்தில் இறகு மாதிரி மெல்லிய பிசிறுகள் இருக்கும். சில பாட்டில்களில் அடியைத் தாண்டிப் பக்கச் சுவர் வரை ஏறியிருக்கும். அது இருந்தால் பாட்டில் ஓவன்ஸ் வகை இயந்திரத்தில் பிறந்தது, 1903-க்கு முந்தியது அல்ல. இதைப் பழைய கைவேலைத் தழும்பு என்று நினைத்து நூறு வருஷம் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு. பாட்டிலைப் பிடிக்க அடியில் ஒட்டிய கம்பியிலிருந்து உடைத்தெடுத்த கைவேலைத் தழும்பு சொரசொரப்பாக, நடுவில் இருக்கும். ஊட்டி இயந்திரப் பாட்டிலில் பிசிறில்லாத வட்டக் கோடுதான் இருக்கும். அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக் கோட்டையும் பாருங்கள்: அது பாட்டிலின் வாய் வழியாக மேலே வரை போனால் இயந்திர வேலை, வாய்க்குக் கீழேயே மறைந்தால் கையால் முடித்தது.

பிறகு குறி. சதுரத்துக்குள் ஆங்கில ஓ (O) எழுத்து என்றால் 1919 முதல் 1929 வரையிலான ஓவன்ஸ் பாட்டில் கம்பெனி. சாய்சதுரத்தின் மேல் ஓ, நடுவில் ஐ (I) என்றால் 1929-க்குப் பிந்திய ஓவன்ஸ்-இல்லினாய். 1954-இல் சாய்சதுரத்தை எடுத்துவிட்டு, ஓவுக்குள் ஐ மட்டும் வைத்தார்கள். ஆனால் பழைய அச்சு தேயும் வரை ஓடும் என்பதால், சாய்சதுரம் அதற்குப் பிறகும் சில வருஷம் வந்தது.

சாய்சதுரக் குறிக்கு இடப் பக்கம் இருக்கும் எண் ஆலை: 3 ஃபேர்மான்ட், 7 ஆல்ட்டன், 9 ஸ்ட்ரீட்டர், 14 நியூஜெர்சியின் பிரிட்ஜ்டன். வலப் பக்கம் இருப்பது வருஷத்தின் கடைசி இலக்கம். கீழே இருப்பது அச்சின் எண். அதை வருஷம் என்று படித்துவிடாதீர்கள். இடப் பக்கம் 9, வலப் பக்கம் 6 என்றால் ஸ்ட்ரீட்டர் ஆலை, 1936 அல்லது 1946. இந்தக் குழப்பம் கம்பெனிக்கே வந்தது. அதனால் 1940 முதல் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். சில வருஷம் கழித்து 46 என்று இரண்டு இலக்கமாகவே போட்டார்கள். புள்ளி தேய்ந்தோ, அச்சில் விட்டுப்போயோ இருக்கலாம். அப்போது வேறு சாட்சி தேட வேண்டும். டூராகிளாஸ் என்ற கம்பெனியின் வணிகப் பெயர் சாய்வெழுத்தில் அடியில் இருந்தால் 1940 அல்லது அதற்குப் பின். அடி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளியாகச் சொரசொரவென்று இருந்தாலும் அதே காலம்தான். சூடான பாட்டில் ஓடும் பட்டையைத் தொட்டுக் கீறல் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மது பாட்டிலில், மறுவிற்பனையும் மறுபயன்பாடும் கூட்டாட்சிச் சட்டப்படி தடை என்ற வாசகம் இருந்தால் 1935 முதல் 1964-க்குள் செய்த அச்சு. இவை எதுவும் இல்லாத, புள்ளியும் இல்லாத ஒற்றை இலக்கம் என்றால் 1930-கள் என்று எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் சரி.